கைவினைப் பொருட்களைக் குறைந்த செலவில் அடுக்கி வைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்பிராய்டரியில் தொடங்கி பாசிமணி, குவில்லிங் (காகிதப் பட்டைகளைச் சுருட்டிச் செய்யும் வேலை), துணியில் பெயின்டிங் என்று பல வருடங்களாகக் கைவேலை செய்து வருகிறேன். விருப்பமுள்ளவர்களுக்குக் கற்றுக்கொடுத்தும் வருகிறேன். வகுப்பு முடிந்ததும் தையலைப் பற்றிக் கேட்பவர்களை விட, "இதையெல்லாம் வீட்டில் எங்கே வைப்பது?" என்று கேட்பவர்களே அதிகம். அந்தச் சந்தேகங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

1. எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கிறது. முதலில் எந்த மாதிரி டப்பா வாங்க வேண்டும்?

இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். தரையில் ஒரு பழைய விரிப்பைப் போட்டு, மூலைக்கு மூலை ஒதுங்கியிருக்கும் கைவேலைப் பொருட்கள் அத்தனையையும் அதில் கொட்டுங்கள். நூல் ஒரு பக்கம், பொத்தான் ஒரு பக்கம், காகிதம் ஒரு பக்கம் என்று பிரியுங்கள். எது எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் எந்த அளவு டப்பா வேண்டும் என்பதே தெரியும். டப்பாவை முதலில் வாங்கிவிட்டால் பொருளை அதற்குத் தக்கபடி திணிக்க வேண்டி வரும். இருபத்துநான்கு அறை கொண்ட டப்பா பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதன் எந்த அறைக்குள்ளும் கத்தரிக்கோல் நுழையாது, ரிப்பன் சுருளும் நுழையாது.

கொட்டிப் பார்ப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. நான் முதன்முறை அப்படிச் செய்தபோது ஒரே கறுப்புத் தையல் நூலில் ஏழு கண்டுகள் வெளியே வந்தன. ஏழும் நூல் தீர்ந்துவிட்டது என்று நினைத்து வாங்கியவை. இருப்பது கண்ணில் படாமல் மறுபடி வாங்குகிறோமே, கைவேலையில் வீணாகும் பணம் பெரும்பாலும் அதுதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரிக்க நேரமில்லை என்றால் இன்று நூல் மட்டும், நாளை பொத்தான் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. வகைப்படி பிரிப்பதா, நிறப்படி பிரிப்பதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

அந்தப் பொருளைத் தேடும்போது உங்கள் மனதில் முதலில் எழும் சொல் எது என்று பாருங்கள். எம்பிராய்டரி நூலை "இளம்பச்சை எங்கே?" என்று தேடுகிறோம், ஆகவே அது நிறப்படி. குரோஷே ஊசியை "3.5 மில்லிமீட்டர் எங்கே?" என்று தேடுகிறோம், ஆகவே அது அளவுப்படி. காகிதத்தில் கனமும் அளவும் முதலில், நிறம் அடுத்து. பசை, டேப், ஸ்டேப்ளர் ஆகியவை "ஒட்டுவதற்கு" என்று ஒரே இடத்தில் இருக்கட்டும்.

கத்தரிக்கோல், அளவுகோல், பென்சில், குண்டூசி ஆகியவை எல்லா வேலைக்கும் பொது. இவற்றை எந்த வகையோடும் சேர்க்காமல், கைக்கு எட்டும் இடத்தில் ஒரு தகரக் குவளையில் நிறுத்தி வையுங்கள்.

3. காசே செலவழிக்கக் கூடாது என்றால், வீட்டில் இருப்பதில் எதையெல்லாம் பயன்படுத்தலாம்?

செருப்புப் பெட்டி, மூடியுள்ள கண்ணாடி பாட்டில், தகர டின், திருகுமூடி போட்ட மருந்துப் புட்டி, ஐஸ் தட்டு, டிஷ்யூ சுருளின் உள்குழாய், பழைய ஃபைல் உறை, கிழிந்த ஜீன்ஸின் பாக்கெட் என்று நிறையவே இருக்கிறது. மருந்துப் புட்டியைக் கழுவி நன்றாக உலர்த்தி, பழைய லேபிளை முழுவதுமாக உரித்துவிடுங்கள். யாரும் மருந்து என்று நினைத்துத் திறக்கும்படி இருக்கக் கூடாது. பாட்டிலில் ஒட்டியிருக்கும் லேபிளை வெந்நீரில் ஊறவைத்தால் காகிதம் போய்விடும். மிச்சமிருக்கும் பிசின் மீது சமையல் எண்ணெயும் சோடா உப்பும் குழைத்துத் தேய்த்தால் அதுவும் வந்துவிடும். டின்னின் வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும். தடித்த டேப்பை அதன் மேல் மடித்து ஒட்டிய பிறகே பயன்படுத்துங்கள்.

இவற்றில் எனக்கு அதிகம் உதவுவது செருப்புப் பெட்டிதான். அதற்கு உள்ளே தடுப்புகள் நாமே செய்யலாம். பெட்டியின் நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு இரண்டு என அட்டைப் பட்டைகளை வெட்டுங்கள். பட்டையின் உயரம் பெட்டியின் உயரத்தை விட ஒரு விரல் குறைவாக இருக்கட்டும். பட்டைகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் பாதி உயரம் வரை கீறல் போடுங்கள். நீளப் பட்டையில் மேலிருந்து, அகலப் பட்டையில் கீழிருந்து. கீறலின் அகலம் அட்டையின் கனத்துக்குச் சரியாக இருந்தால் ஒன்றுக்குள் ஒன்று இறுக்கமாக அமர்ந்துகொள்ளும், பசை வேண்டாம். பிறகு அறைகளின் அளவை மாற்ற நினைத்தால் உருவி எடுத்து வேறு பட்டை போடலாம். எந்தத் தடுப்பும் ஒட்டப்படாததால், உங்கள் கைவேலை மாறும்போது பெட்டியும் கூடவே மாறும்.

4. அட்டைப்பெட்டியில் பூச்சி வந்துவிடாதா?

ஈரமிருந்தால் வரும். வெள்ளி நிறத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும் சிறு பூச்சி காகிதத்தையும் அட்டையை ஒட்டிய மாவுப் பசையையும் தின்னும். பார்சல்களில் வரும் நெளி அட்டையின் இடுக்கு கரப்பான் பூச்சிக்கு வசதியான இடம். தரையிலும் சுவரிலும் தொட்டுக்கொண்டிருக்கும் பெட்டியில் கரையான் ஏறும். ஆகவே நெளி அட்டைப் பெட்டிகளைத் தவிர்த்து, வழவழப்பான ஒற்றை அட்டைப் பெட்டிகளை மட்டும் வையுங்கள். அவை தரையிலிருந்து உயர்ந்து, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கட்டும். அவற்றில் பொத்தான், ரிப்பன், கருவிகள் இருக்கலாம். கம்பளி, பட்டு, நல்ல காகிதம் ஆகியவற்றுக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் அல்லது தகரப் பெட்டிதான் சரி.

5. மூடி வைத்தால் இருப்பதையே மறந்துவிடுகிறேன், திறந்து வைத்தால் தூசி படிகிறது. எதுதான் சரி?

ஒரு பொருளை எவ்வளவு அடிக்கடி எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தினமும் எடுப்பது திறந்தே இருக்கட்டும்; புழக்கத்தில் இருப்பதில் தூசி தங்காது. வாரம் ஒருமுறை எடுப்பதற்கு ஒரே ஒரு மூடி. வருடத்துக்கு ஓரிரு முறை எடுப்பது பரண் மேல் போகலாம்.

நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது ஒன்று உண்டு. அடுக்கும்போது எடுப்பதைப் பற்றி மட்டும் யோசிக்கிறோம். திருப்பி வைப்பதைப் பற்றி யோசிப்பதில்லை. வேலை செய்யும் ஆசை இருக்கும்போது மூன்று பெட்டிகளை இறக்கிக்கூட ஒரு ரிப்பனை எடுத்துவிடுவோம். வேலை முடிந்து களைத்த கையால் அந்த மூன்று பெட்டிகளையும் மறுபடி ஏற்ற மாட்டோம். ரிப்பன் மேசையிலேயே தங்கிவிடும். ஆகவே ஒரு பொருளுக்கு இடம் ஒதுக்கியதும், அதைத் திருப்பி வைக்க எத்தனை அசைவு என்று எண்ணிப் பாருங்கள். இழுப்பறையைத் திற, போடு, மூடு: இந்த அளவில் இருந்தால் நிலைக்கும். அதற்கு மேல் போனால் இடத்தை மாற்றுங்கள். பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதென்றால் இரண்டோடு நிறுத்துங்கள்.

6. பெயரெழுத லேபிள் மெஷின் தேவையா?

தேவையில்லை. மாஸ்கிங் டேப்பும் பேனாவும் போதும். உள்ளே இருப்பது மாறினால் உரித்துவிட்டு வேறு எழுதலாம். மூடி மேல் எழுதாமல் பெட்டியின் முன்பக்கத்தில் எழுதுங்கள். மூடி மேல் எழுதியது, இன்னொரு பெட்டியை மேலே வைத்த உடனே மறைந்துவிடும். பெயருக்குப் பதிலாக உள்ளே இருக்கும் பொருளில் ஒன்றையே வெளியே ஒட்டிவிடலாம்: ஒரு பொத்தான், ஒரு துண்டு லேஸ். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைகூட இதைப் பார்த்துச் சரியான பெட்டியில் போட்டுவிடும்.

7. எனக்குத் தனி அறை இல்லை, தனி மேசைகூட இல்லை. சாப்பிடும் மேசையில்தான் வேலை செய்கிறேன். வாடகை வீடு என்பதால் ஆணியும் அடிக்க முடியாது. என்ன செய்வது?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்கிறார்கள். இடம் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது "வேலைத் தட்டு". விளிம்பு உயர்ந்த பெரிய தட்டு அல்லது கைப்பிடியுள்ள கூடை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது செய்துகொண்டிருக்கும் வேலைக்கு வேண்டியவை மட்டும் அதில் இருக்கட்டும். மேசை வேண்டும்போது தட்டோடு தூக்கி அலமாரியின் மேல் வைத்துவிடலாம். ஐந்தாம் பதிலில் சொன்ன அசைவுக் கணக்கில் இது ஒரே ஓர் அசைவு.

மற்றவற்றைச் சேமிக்கச் செங்குத்தான இடத்தைப் பாருங்கள். அலமாரிக் கதவின் உட்பக்கமும் அறைக் கதவின் பின்பக்கமும் பெரும்பாலும் சும்மாதான் இருக்கின்றன. பழைய ஜீன்ஸ் பாக்கெட்டுகளை ஒரு தடித்த துணியில் வரிசையாகத் தைத்து, அதன் மேல் விளிம்பில் கம்பு நுழையும் அளவுக்கு மடிப்புத் தைத்து, ஒரு ஹேங்கரில் மாட்டிவிடுங்கள். ஆணி இல்லாமலே கத்தரிக்கோல், பிரஷ், டேப் எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்துவிடும். கனமானவை கீழ் வரிசையில் இருக்கட்டும்.

கட்டிலுக்கடியில் வைக்கலாம். உயரம் குறைந்த, மூடியுள்ள பெட்டியாகவும், இழுக்க எளிதாகவும் இருக்க வேண்டும். குளியலறையை ஒட்டிய சுவர், சமையலறை, நேரடி வெயில் விழும் ஜன்னல் ஓரம் ஆகிய மூன்றும் வேண்டாம். முதல் இரண்டில் ஈரமும் நீராவியும். மூன்றாவதில் நூலும் காகிதமும் நிறம் மங்கும்.

8. பாசிமணி டப்பா சாய்ந்தால் எல்லா நிறமும் கலந்துவிடுகிறது. என்னதான் செய்வது?

அறை பிரித்த தட்டையான டப்பாக்களில், மூடிக்கும் தடுப்புக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும். 11 என்று எண்ணிடப்பட்ட சிறு பாசிமணியின் குறுக்களவு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான். அது அந்த இடைவெளியில் நழுவிவிடும். பாசியில் எண் கூடக் கூட மணி சிறிதாகும். 8 எண் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர், 6 எண் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். அறை டப்பாவை நம்புவதற்கு முன், ஓர் அறையில் மட்டும் பத்து மணிகளைப் போட்டு மூடித் தலைகீழாகக் குலுக்கிப் பாருங்கள். அடுத்த அறைக்கு ஒன்று போயிருந்தாலும் அந்த டப்பா பெரிய மணிகளுக்கும் பொத்தான்களுக்கும்தான். சிறு பாசிக்குத் திருகுமூடிப் புட்டிதான் பாதுகாப்பு.

வேலை செய்யும்போது மணிகளை வெறும் தட்டில் கொட்டினால் உருளும். தட்டில் வெல்வெட் துணியோ ஃபெல்ட் துண்டோ விரித்துக் கொட்டுங்கள். மணி நின்ற இடத்தில் நிற்கும், ஊசியால் குத்தி எடுப்பதும் எளிது. முடிந்ததும் ஒரு விசிட்டிங் கார்டை நீளவாக்கில் மடித்து, அதனால் வாரிப் புட்டிக்குள் சரித்துவிடலாம். ஏற்கெனவே கலந்துபோனவற்றை நிறம் பிரிக்க உட்காராதீர்கள். "கலவை" என்று எழுதி ஒரு புட்டியில் போடுங்கள். பல நிறம் வேண்டிய கைக்காப்புக்கு அதுவே அழகு.

9. எம்பிராய்டரி நூலும் கம்பளி நூலும் சிக்காகிவிடுகின்றன.

எம்பிராய்டரி நூல் வழக்கமாக ஆறு இழை கொண்ட, 8 மீட்டர் நீளச் சிட்டமாக வரும். அதன் காகிதப் பட்டியை உருவும் முன் அதிலிருக்கும் நிற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதி பூவில் நூல் தீர்ந்து, எண் தெரியாமல் "இந்தச் சிவப்புதான்" என்று கண்மதிப்பில் வாங்கினால் பகல் வெளிச்சத்தில் வேறுபாடு தெரியும். கனமான அட்டையை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, இருபுறமும் சிறு பள்ளம் விட்டு, மேல் மூலையில் எண்ணை எழுதி, நூலை அதில் சுற்றுங்கள். நூல் முனையைச் செருக ஓர் ஓரக் கீறலும் வேண்டும். லேஸும் ரிப்பனும் இப்படியே.

கம்பளி நூலை இறுக்கிச் சுற்றினால் அதன் துள்ளல் போய்விடும். நான்கு விரல்களை உள்ளே வைத்து அவற்றின் மேல் சுற்றிவிட்டு விரல்களை உருவிக்கொண்டால் உருண்டை தளர்வாக வரும். கம்பளிப் பட்டியில் நிற எண்ணோடு சாயத் தொகுதி எண்ணும் (ஒரே தடவையில் சாயமேற்றிய நூல்களுக்கான எண்) இருக்கும். அதே நிறமாயினும் தொகுதி மாறினால் சாயல் மாறும். பட்டியை உருண்டையின் உள்ளேயே செருகி வையுங்கள்.

10. காகிதம் ஓரத்தில் சுருண்டுகொள்கிறது. நிறுத்தி வைப்பதா, படுக்க வைப்பதா?

படுக்க வைப்பதே நல்லது. அரைகுறையாக நிரம்பிய செங்குத்துப் பெட்டியில் காகிதம் சாய்ந்து, சாய்ந்த வாக்கிலேயே வளைந்துவிடும். நிறுத்தித்தான் வைக்க வேண்டும் என்றால் நெருக்கமாக நிரப்பி, பின்னால் ஒரு தடித்த அட்டையைத் தாங்கலாக வையுங்கள். ஏ4 தாளின் அளவு 210 × 297 மில்லிமீட்டர். பெட்டி இதை விட ஒரு சென்டிமீட்டராவது பெரிதாக இருந்தால் ஓரம் மடங்காது. சுருண்டுபோனதை எதிர்ப்புறம் சுருட்டாதீர்கள், கோடு விழும். கனமான புத்தகங்களுக்கு அடியில் சில நாள் வைத்தால் போதும்.

நல்ல காகிதத்தையும் புகைப்படத்தையும் செய்தித்தாளில் சுற்றி வைக்க வேண்டாம். செய்தித்தாள் மரக்கூழில் லிக்னின் என்ற மரப்பொருள் நீக்கப்படாமல் இருக்கும். அது மஞ்சளாகும்போது வெளிவரும் அமிலம் தொட்டிருக்கும் தாளையும் கறைப்படுத்தும். வெள்ளைத் துணிக்கும் இதே எச்சரிக்கை.

11. பெயின்டும் பசையும் பாதியிலேயே காய்ந்துவிடுகின்றன. ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்க வேண்டியிருக்கிறது.

பெரும்பாலும் குற்றம் மூடியின் திருகில்தான். அக்ரிலிக் பெயின்ட்டும் வெள்ளைப் பசையும் நீர் வற்றினால் இறுகுபவை. புட்டியின் கழுத்தில் ஒட்டிய பெயின்ட் காய்ந்து மேடாகிவிட்டால் மூடி முழுதாக அமராது, காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மூடும் முன் கழுத்தையும் மூடியின் உட்பக்கத்தையும் ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். வாய் அகன்ற புட்டியென்றால் வாயின் மேல் ஒரு பாலிதீன் துண்டை வைத்து அதன் மேல் மூடியைத் திருகுங்கள். இறுகிப்போன அக்ரிலிக்குக்கு உயிர் கிடையாது; நீர்வண்ண வில்லை மட்டும் காய்ந்தாலும் நீர் தொட்டால் மீளும். அதை எறிந்துவிடாதீர்கள்.

நொடியில் ஒட்டும் பசையின் கதை நேர்மாறானது. அது காற்றிலுள்ள ஈரத்தால் இறுகுகிறது. அதன் குழாயை நிமிர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான மூடியுள்ள பாட்டிலுக்குள் வையுங்கள். இந்தப் பசையைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்கக் கூடாது. பருத்தியோடு சேர்ந்தால் சுடும் அளவுக்கு வெப்பம் கிளம்பும்.

இருமுனை மார்க்கர்களைப் படுக்க வையுங்கள். ஒருமுனை ஸ்கெட்ச் பேனாக்களை முனை கீழே இருக்கும்படி நிறுத்தலாம். புட்டி எதுவாயினும் திறந்த தேதியை டேப்பில் எழுதி ஒட்டுங்கள்.

12. டப்பாவுக்குள் வைத்த அழிப்பான் டப்பாவோடு உருகி ஒட்டிக்கொண்டது. வெயிலே படவில்லை. எப்படி?

எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. தெளிவான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் அளவுகோலையும் வெள்ளை அழிப்பான்களையும் ஒரு கோடை முழுவதும் விட்டுவிட்டேன். எடுத்துப் பார்த்தால் அழிப்பான் கிடந்த இடத்தில் பிளாஸ்டிக் இளகி, அதன் வடிவமே பள்ளமாகப் பதிந்திருந்தது. வினைல் அழிப்பான்களில் மென்மைக்காகச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்லக் கசிந்து பக்கத்து பிளாஸ்டிக்கை இளக்குகிறது. அதனால்தான் அவை காகித உறையோடு வருகின்றன. அந்த உறையைக் கழற்றாதீர்கள். அடுப்பில் சுட்டு இறுக்கும் பாலிமர் களிமண்ணும் இப்படித்தான்.

டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 6 என்றால் பாலிஸ்டைரீன். களிமண்ணுக்கும் அழிப்பானுக்கும் ஆகாது. 2, 4, 5 ஆகியவை பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் வகைகள், இவை தாங்கும். மூன்றாம் பதிலில் சொன்னபடி வீட்டு டப்பாக்களை மறுபயன்பாட்டுக்கு எடுக்கும்போது இந்த எண்ணை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

13. வெள்ளி நிற வளையங்கள் கறுக்கின்றன, ஊசி துருப்பிடிக்கிறது.

ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியையும் செம்பையும் கறுக்கச் செய்யும். நூலால் கட்டுங்கள், அல்லது சிறு ஜிப் பைகளில் போட்டுக் காற்றைப் பிதுக்கிவிட்டு மூடுங்கள். புதுப் பொருட்களோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் சேர்த்து, டப்பாவுக்கு ஒன்றாகப் போடலாம். குழந்தை கைக்கு மட்டும் எட்டக் கூடாது. ஊசிகளை ஸ்பாஞ்சில் குத்தி வைக்க வேண்டாம், அது ஈரம் பிடிக்கும், நாளடைவில் பொடியும். கம்பளித் துணி அடைத்த ஊசிமெத்தை நல்லது.

14. துணிக்கும் கம்பளிக்கும் பூச்சி உருண்டை போடலாமா?

நான் போடுவதில்லை. நாஃப்தலீன் ஆவி மூச்சில் சேர்வது நல்லதல்ல. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியது. சில வகை பிளாஸ்டிக் பொத்தான்களும் அதில் இளகும்.

பூச்சியின் வழியைத் தெரிந்துகொண்டால் மருந்தில்லாமலே தடுக்கலாம். துணி அரிக்கும் அந்துப்பூச்சியின் புழு கம்பளி, பட்டு, இறகு போன்ற விலங்கு இழைகளைத்தான் தேடி வரும். வியர்வையோ கறையோ இருந்தால் இன்னும் விரும்பி வரும். ஆகவே துவைத்து முழுவதும் உலர்த்திய பிறகே உள்ளே வையுங்கள். வெளியிலிருந்து வந்த பழைய கம்பளியின் மேல் சந்தேகம் இருந்தால், பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைநிலைப் பெட்டியில் -18 டிகிரி செல்சியஸில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் வையுங்கள். எடுத்ததும் பிரிக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு பிரித்தால்தான் துணியில் நீர் கோக்காது. மடித்து வைத்த துணியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை வேறு கோட்டில் மடித்து வைப்பது மடிப்பு அழியாமல் போவதைத் தடுக்கும்.

15. வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. மணி, பொத்தான் எல்லாம் உயரத்தில் வைத்தால் போதுமா?

உயரமும் வேண்டும், குழந்தையால் திறக்க முடியாத மூடியும் வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்கும் குழாயின் குறுக்களவு 31.7 மில்லிமீட்டர், அதில் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையில் அடைக்கக் கூடியது. வீட்டில் சோதிக்க டிஷ்யூ சுருளின் உள்குழாய் உதவும். அதற்குள் நுழையும் எதையும் கீழே வைக்காதீர்கள்.

இரண்டு பொருட்களுக்குத் தனிப் பூட்டு வேண்டும்: சிறு காந்தங்கள், பொத்தான் பேட்டரிகள். இரண்டு காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் இரு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைத்துவிடும். பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே காத்திராமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஏழாம் பதிலில் சொன்ன வேலைத் தட்டை, அழைப்புமணி அடித்தால்கூட கீழே விட்டுவிட்டுப் போகாதீர்கள். கையோடு உயரத்தில் ஏற்றிவிட்டே போங்கள்.

16. தின்னர், ஸ்பிரே பெயின்ட் இவற்றையும் அதே அலமாரியில் வைக்கலாமா?

வேண்டாம். இவை வந்த புட்டியிலேயே, பெயர் தெரியும்படி, அடுப்புக்கும் வெயிலுக்கும் தள்ளி, காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும். குடிநீர் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். ஸ்பிரே டப்பாவில் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகக் கூடாது என்று எழுதியிருக்கும். மூடிய காரின் உள்ளே வெயிலில் அந்த வெப்பம் எளிதில் வந்துவிடும்.

பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணி. அந்த எண்ணெய் காயும்போது வெப்பத்தை வெளிவிடும். துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டால் வெப்பம் உள்ளேயே தேங்கி, தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். அத்தகைய துணியை வெளியில் ஒற்றை அடுக்காக விரித்துக் காயவிடுங்கள், அல்லது நீரில் அமிழ்த்தி மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள்.

17. பாதியில் நிற்கும் வேலைகளே பத்துக்கு மேல் இருக்கின்றன. அவற்றை எப்படி அடுக்குவது?

ஒவ்வொன்றுக்கும் ஒரு பை. உள்ளே ஒரு சீட்டு: எந்த வரிசையில் நிறுத்தினீர்கள், ஊசி அளவு, நூல் எண், அடுத்து என்ன செய்ய வேண்டும். மூன்று மாதம் கழித்துத் திறக்கும் உங்களுக்கு அந்தச் சீட்டுதான் வழிகாட்டி. ஊசியை வேலையிலேயே விட்டு வைக்காதீர்கள். மற்ற வேலைக்கு அது தேவைப்படும்போது எங்கே போனது என்று தெரியாமல் புதிது வாங்குவீர்கள். எம்பிராய்டரி வளையத்தைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். வாரக்கணக்கில் விட்டால் துணியில் வட்டமாக அழுக்குக் கோடு விழும், துவைத்தாலும் முழுதாகப் போகாது.

18. துண்டுத்துணி, வெட்டிய காகிதம் எதையும் எறிய மனம் வரவில்லை. எவ்வளவுதான் சேர்ப்பது?

அந்த மனம் புரிகிறது. எனக்குப் பிடித்த வேலைகள் சில துண்டுத்துணியில் பிறந்தவையே. ஆகவே எறியச் சொல்லவில்லை. ஒரு பெட்டியை எல்லையாக வைக்கச் சொல்கிறேன். பெட்டி நிரம்பிவிட்டால், புதிய துண்டு உள்ளே போக ஒரு பழைய துண்டு வெளியே வர வேண்டும். எதை வெளியே எடுப்பது என்று அந்த நேரத்தில் உங்கள் கையே சொல்லும். உள்ளங்கையை விடச் சிறிய துணித் துண்டுகளைத் தனியாகச் சேர்த்து, தலையணைக்கும் ஊசிமெத்தைக்கும் அடைக்கப் பயன்படுத்துங்கள். நல்ல நிலையில் இருந்தும் நீங்கள் தொடாதவை பள்ளிகளுக்கும் புதிதாகக் கற்பவர்களுக்கும் பெரிய உதவி. இறுகிய பெயின்ட்டும் முனை காய்ந்த பேனாவும் மட்டும் யாருக்கும் உதவாது, போகட்டும்.

19. நீங்கள் சொன்னபடி எல்லாம் செய்தேன். ஒரே மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது. நான் ஒழுங்கில்லாதவளா?

இல்லை. மேசையில் சிதறிக் கிடப்பவற்றைத் திட்டாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அவை உங்களுக்குச் செய்தி சொல்கின்றன. எல்லாப் பொருளும் சிதறுவதில்லை. திரும்பத் திரும்ப அதே நான்கைந்துதான் சிதறும். அவற்றுக்கு ஒதுக்கிய இடம் தவறு. என்னிடம் படித்த ஒருவர் வீட்டில் துணி வெட்டும் கத்தரி எப்போதும் தையல் இயந்திரத்தின் மேல்தான் கிடந்தது. அதன் இடமோ அறையின் மறுகோடியிலிருந்த இழுப்பறை. இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒரு கொக்கி மாட்டியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. பொருள் எங்கே போய் விழுகிறதோ, அங்கேயே அதற்கு ஒரு கொக்கியோ டப்பாவோ வையுங்கள். ஐந்தாம் பதிலின் அசைவுக் கணக்கை அந்த நான்கைந்து பொருளுக்கு மட்டும் மறுபடி போட்டுப் பார்த்தாலே போதும்.

இன்னொன்று, இடம் முடிவாகாத பொருட்களுக்கென்று ஒரு சிறு கூடை வையுங்கள். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் அதைக் காலி செய்யுங்கள்.

20. இவ்வளவும் செய்த பிறகு கொஞ்சம் பணம் கையில் இருக்கிறது. எதில் போட்டால் வீணாகாது?

வீட்டு டப்பாக்களோடு ஒரு மாதமாவது பழகிவிட்டு வாங்குங்கள். அதற்குள் எந்தப் பெட்டி போதவில்லை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். என் கணக்கில் முதலில் வர வேண்டியது பாசிக்குத் திருகுமூடிப் புட்டிகள். அடுத்தது கம்பளிக்கும் பட்டுக்கும் இறுக்கமான மூடியுள்ள ஒரு பெரிய பெட்டி. அறை டப்பா கடைசி.

வாங்கும்போது ஒரே அளவில், சதுரமாக வாங்குங்கள். வட்ட டப்பாக்களை வரிசையாக அடுக்கினால் அலமாரிப் பரப்பில் ஏறத்தாழ 21 சதவீதம் இடுக்குகளில் வீணாகிறது. ஒரே அளவாக இருந்தால் எந்த மூடியும் எந்த டப்பாவுக்கும் பொருந்தும், ஒரு மூடி உடைந்தாலும் டப்பா பயனற்றுப் போகாது. கடைக்குப் போகும் முன் அலமாரித் தட்டின் ஆழத்தையும் உயரத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். உயரத்தில் மூடியைத் திறக்கக் கை நுழையும் அளவு இடைவெளியைக் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள்.